ஒன்று புள்ளி ஆறு

குத்தாயிசி, தொண்ணூற்று நான்கு, ஜனவரி.
மருத்துவமனைக் கம்பத்திலிருந்து
எங்கள் கட்டடத்துக்கு ஒரே ஒரு கேபிள்.
எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.
பதினொரு வீடுகள். வீட்டுக்கு இரண்டு ஆம்பியர்.
கணக்குப் பார்ப்பவள் நான், லமாரா;
லாரித் தொழிற்சாலை ஓய்ந்துபோகும்வரை
அதன் மின்பிரிவில் பதினாறு வருடம்.

இருநூற்றிருபது வரவேண்டிய கம்பியில்
நூற்றறுபது வோல்ட்தான் வருகிறது.
கவ்வு மீட்டரை மாட்டினால்
இருபத்திரண்டு காட்டவேண்டும்.
செவ்வாய் இரவு இருபத்துமூன்று புள்ளி ஆறு.
புதன் இரவும் அதே.
கம்பத்தடியில் கேபிளை ஒட்டுப்போட்ட இடம்
ரப்பர் கருகும் வாடை வீசியது.

வியாழன் காலை படிக்கட்டில் கூட்டம்.
திருடனைப் பிடி என்று
எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர்
நான்காம் மாடி நோதார், புவியியல் ஆசிரியர்.

திருடனின் முகம் எனக்குத் தெரியாது.
அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால்
தடை தெரியும்.
கையுறையை விரல்வரை கழற்றி
தீப்பெட்டியின் முதுகில் எழுதினேன்:
நூற்றறுபது, கீழே ஒன்று புள்ளி ஆறு.
நூறு ஓம். பிசிறில்லாத நூறு.
வகுப்பதை விட்டுப் பெருக்கினால் திறன்:
இருநூற்று ஐம்பத்தாறு வாட்.

பல்புக்கு அதிகம். கணப்புக்குப் போதாது.
முழு அழுத்தம் வந்த காலத்தில்
ஐந்நூறு வாட்டுக்குச் சற்றுக் குறைவாய் இழுத்திருக்கும்.
சுருள் கம்பி. சுட்டாலும் தடை அதிகம் மாறாத இனம்.
பல்பு அப்படியல்ல,
குளிர்ந்து கிடக்கையில் ஒரு தடை,
ஒளிரும்போது பத்து மடங்கு.
மனிதர்களைப் போல என்று எழுத வந்தேன்.
வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டி.
இந்தக் குளிரில் எவன் சட்டை தேய்க்கிறான்?

நள்ளிரவில் மாடி மாடியாக
ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன்.
நான்காம் மாடி இடப்பக்கம்.
முள் இரண்டு இறங்கவில்லை,
மூன்று புள்ளி ஆறு இறங்கியது.

நோதார் மேலங்கியோடு கதவைத் திறந்தார்.
இரண்டு செங்கல்லுக்கு நடுவே
தலைகீழாக இஸ்திரிப் பெட்டி, அதன்மேல்
ஒரு லிட்டர் பாத்திரம்.
கொதிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்றார்,
நான் அதைக் கேட்க வந்ததுபோல.

எதிர் வீட்டு சித்சினோவுக்கு இரவில்
கால் மரத்துப்போகிறது.
போரில் இவர் ஒரு பக்கம், அவள் மறுபக்கம்;
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி
கம்பளிக் காலுறை மாட்டி
அவள் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவாராம்.
யார் வைப்பது என்று அவளுக்குத் தெரியுமா?
"காலையில் பாட்டில் காலியாக
என் வாசலில் இருக்கும்," என்றார்.
"காலுறையைத் துவைத்திருப்பாள்."

கருணையால் குளிராது அந்த ஒட்டு.
ஓட்டத்தை ஓட்டத்தால் பெருக்கி
தடையாலும் பெருக்கினால் வெப்பம்;
அதில் கண்ணீருக்கு இடமில்லை.
நோட்டில் இருபத்திரண்டு என்று நான் பொய் எழுதலாம்,
ரப்பர் நோட்டைப் படிப்பதில்லை.

ஒரு மணிக்கு எல்லா வீடும் அணைக்கவேண்டும்,
ஒட்டு ஆறவேண்டும் என்பது என் விதி.
இரண்டு மணிக்குமேல் கொதிக்கவையுங்கள் என்றேன்.
நீங்கள் ஒருவர் மட்டும்.
நாளைக் கூட்டத்தில் கத்தாமல் இருந்தால் நல்லது.

கத்தினார். முன்னைவிட உரக்க.

அன்றிரவு இரண்டு பத்துக்கு
தரைத்தளத்தில் டார்ச்சோடு நின்றேன்.
வேறு சுமை இல்லாததால்
அழுத்தம் நூற்றெண்பதுக்கு ஏறியிருந்தது.
ஓட்டம் ஒன்று புள்ளி எட்டு.
வகுத்துப் பார்த்தேன்.
அதே நூறு.
பெருக்கினால் முந்நூற்று இருபத்துநான்கு.

தண்ணீர் இன்று சீக்கிரம் கொதிக்கும்.