ஐந்தாவது பங்கு

சிம்மக்கல் பின்சந்து மருந்துக்கடையில்
பன்னிரண்டு அட்டை வலிப்பு மாத்திரை வாங்கினேன்.
காசு கொடுத்துத்தான்.
மாதிரி எடுக்கும் ஆய்வாளரும்
நியாயமான விலையை நீட்ட வேண்டும்,
ரசீது கேட்க வேண்டும். சட்டம் அப்படி.
கடைக்காரர் சுடலைமுத்து எழுதும்போது
பேனா இரண்டு முறை நின்றது.
"மேடம், நான் பெட்டியக்கூடப் பிரிக்கல."
தெரியும் என்றேன்.
படிவம் பதினேழை நீட்டினேன்.

உறை, நூல், அரக்கு.
மெழுகுவத்தி அணைந்து அணைந்து எரிய
யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள்.
சித்திரை வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.
ஒரு பங்கு கடைக்கு.
ஒன்று ஆய்வகத்துக்கு.
ஒன்று நீதிமன்றத்துக்கு.
ஒன்று, அட்டையில் பெயர் அச்சான
எங்கோ இருக்கும் தொழிற்சாலைக்கு.
அரக்கு ஒரு சொட்டு என் சுண்டுவிரலில்.

என்னை அங்கே அனுப்பியது ஒரு நோட்டு.
ஆரப்பாளையம் பல்கீஸ்,
ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நிற்பவள்,
மகன் ரிஃபாயின் வலிப்பை நிமிடக் கணக்கில் எழுதியிருந்தாள்.
"செவ்வாய், ராத்திரி 2.10, நாலு நிமிஷம், இடது கை முதல்ல."
"வியாழன், பள்ளிக்கூடத்துல. டீச்சர் சொன்ன நேரம், சரியா இருக்காது."
தொகுதி எண்ணை எழுதவில்லை;
அட்டையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாள்.
வெள்ளித் துண்டுகள் தடித்துத் தடித்து
நோட்டு மூட மறுத்தது.

பிறகு மற்றவர்கள்.
அவனியாபுரம், செல்லூர், மேலூர்,
திருமங்கலத்திலிருந்து ஒரு லாரி டிரைவர்,
பெரியாஸ்பத்திரி வரிசையில்
நின்றபடியே அவள் சேர்த்தவர்கள்.
முப்பத்தியொரு வீடு.
பத்தொன்பது வீட்டில் ஒரே எண்.
தை கடைசியிலிருந்து
பத்தொன்பது வீட்டிலும் தூக்கம் கெட்டது.
டாக்டர் கமலேசன் சொன்னாராம்:
"அளவக் கூட்டிக்கிட்டே போனேன்மா.
சீட்டுலதான் கூடியிருக்கு."

ஆனியில் அறிக்கை வந்தது.
இருக்க வேண்டியதில் நூற்றுக்கு அறுபத்தொன்று.
'தரமற்றது.'
அதை நின்றுகொண்டே படித்தேன்.
பிறகு உட்கார்ந்து மறுபடியும்.

கார்த்திகையில் விசாரணை.
கம்பெனி வக்கீல் நல்ல தமிழ் பேசினார்.
"மதுரை வெயில் ஐயா.
உங்கள் ஊர்க் கடை எங்கள் மாத்திரையை வேகவைத்துவிட்டது."
கப்பலூர் கிடங்கில்
ஸ்வெட்டர் போட்ட காவலாளி கதவு திறக்க
இரண்டாவது மாதிரியும் எடுத்திருந்தேன்.
அறுபத்திரண்டு.
வெயில் அந்தப் பக்கம் போனதே இல்லை.

அவர் பல்கீஸ் பக்கம் திரும்பினார்.
"நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?"
"பத்தாவது. ஜெராக்ஸ் போடுறேன்."
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

என் படிவத்தில் நான்கு பங்குக்குத்தான் இடம்.
ஐந்தாவது, ரிஃபாய்க்குள் போனது.
அதற்கு முத்திரை இல்லை, நூல் இல்லை,
திருப்பி அனுப்ப முகவரி இல்லை.
அதற்கும் ஒருத்தி விலை நீட்டியிருக்கிறாள்,
ரசீதும் வைத்திருக்கிறாள்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பன்னிரண்டு வருஷ வேலையில்
இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.
"நகல் செல்லாதும்மா. அசல் நோட்ட ஒப்படைங்க."
பல்கீஸ் பையைத் திறக்கவில்லை.
"இன்னும் எட்டுப் பக்கம் இருக்கு சார்.
நேத்தும் எழுதியிருக்கேன்.
டாக்டர் இதப் பாத்துத்தான் மாத்திரைய மாத்துறாரு.
முடியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்."
அறையில் கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும்.
"அடுத்த வாய்தாவுக்கு" என்று எழுதினார்.

படியிறங்கும்போது என்னிடம் சொன்னாள்,
ஏதோ காய் விலை சொல்வதுபோல:
"இப்பக் குடுக்குறது வேற கம்பெனி.
அதையும் ஒட்டியிருக்கேன்."