மூலக் கோப்புகளைக் காணவில்லை

மாங்குளம் சந்தி. போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறை.
ஒரு மடிக்கணினி, மாதம் எட்டு ஜீபி டேட்டா.
இரண்டு திட்டங்களுக்கும் அது காணாது.
"ஒண்டைப் பிடி" என்றான் கஜீபன்,
பிளேன்ரீயை விசைப்பலகையிலிருந்து தள்ளி வைத்தபடி.
அவன் பிடித்தது விளையாட்டை.

காடு வெட்டி, குளம் கட்டி,
ஆட்களைக் குடியேற்றும் பழைய விளையாட்டு.
செய்த கொம்பனி எப்போதோ மூடிவிட்டது.
முகம் தெரியாத முப்பது பேர்
அதன் இயந்திரத்தை வரிவரியாய்த் திரும்ப எழுதியிருக்கிறார்கள்,
மூல நிரலை ஒருதரமும் பாராமல்,
ஆடி ஆடிப் பார்த்தே:
ஒரு மாடு ஒரு வயலைக் கடக்க எத்தனை நொடி,
எத்தனையாம் நாள் பஞ்சம்.

நிறுவினேன். கறுப்புத் திரை. பிறகு ஒரு பெட்டி:
மூலக் கோப்புகளைக் காணவில்லை.
உங்கள் இறுவட்டு உள்ள இடத்தைக் காட்டவும்.

இறுவட்டு.
நீல உறை, மூலையில் தண்ணி பட்ட கறை.
அண்ணை சோதினை முடிந்த கையோடு வவுனியாவில் வாங்கினது.
தருமபுரம் வரைக்கும் இருந்தது, அது நிச்சயம்.
அதற்குப் பிறகு எதை எங்கே இறக்கினோம் என்ற பட்டியல்
ஒருவரிடமும் இல்லை.

கீழே இன்னொரு வரி:
இதன் பிரதி உங்களுக்குச் சொந்தமா?
ஆம். இல்லை.
பிரதேச செயலகத்துக் காணிக் கிளையிலும்
இந்த இரண்டு சொல்லோடுதான் பேனையைத் திறந்தார்கள்.
"பெர்மிற் இருக்கோ?"
இருந்தது என்பதற்கு
அந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

"களவாய் இறக்கு, ஆர் கேக்கப் போகினம்?"
"பெட்டி கேட்டிட்டுதே, கஜீபன்."

மற்றத் திட்டம் எதையும் கேட்பதில்லை.
படமில்லை, ஒலியில்லை, சுட்டியில்லை.
எழுத்தே சுவர், எழுத்தே கதவு,
கோடும் கூட்டல் குறியும் சேர்ந்தால் ஒரு சாளரம்.
நெல் கொள்வனவு நிலையத்துக் கிழட்டுக் கணினியிலும்,
மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வரும் கார்த்திகையிலும்,
பற்றரியில் இரண்டு மணித்தியாலம் ஓடும்.
நல்ல பிள்ளை. தமிழ்தான் தெரியாது.

ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் என்பது அதன் வேதம்.
கொம்பும் காலுமாய் ஒரு 'கொ' வந்தால்
ஒரே ஆள் என்று எண்ணிவிட்டு
வலப்பக்கச் சுவரை வெளியே சாயவிடும்.
புள்ளி இன்னும் மோசம்:
மெய்யை விட்டிறங்கி
அடுத்த கட்டத்தில் தனியே நிற்கும்.
நாகேந்திரம் கொண்டுவந்தது அறுபத்திரண்டு மூட்டை.
திரையில்: நாகேந்திரம .62

"தங்கச்சி, இது தசமமோ?" என்றா
எடை எழுதும் சோபிகாக்கா.
பின்னால் நின்ற நாகேந்திரம்
முக்கால் மூட்டைகூட இல்லாத மனிசனாய்
என்னைப் பார்த்தார்.

அதோடு தராசு சாய்ந்துவிட்டது.
முப்பது பேரின் மாடு வயலிலேயே நிற்கட்டும்.
மூன்று கிழமை, பதினான்கு வரி.
புள்ளி தன் மெய்யின் தலையில் ஏறியிருந்தது.
சுவர் நிமிர்ந்தது. 'கௌ' மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்கிறது,
அதை ஒருவரும் நெல்லுக்குப் பெயராய் வைப்பதில்லை.

விளையாட்டை நான் அழிக்கவில்லை.
ஒருநாள் இரவு, மிச்சமிருந்த டேட்டாவில்
பெட்டிக்குப் பதில் சொன்னேன்: இல்லை.
அது கோபிக்கவில்லை. ஒரு கோப்புறையைத் திறந்தது.
மூலம் இல்லாதவர்களுக்காக
ஆராரோ புதிதாய் வரையத் தொடங்கின படங்கள்:
அரைகுறைக் கிணறு, காலில்லாத ஆடு,
மரமெல்லாம் கூம்பு கூம்பாய்ப் பனிநாட்டு மரம்.
முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டத்தில்
ஒரு பாலை வரைந்து அனுப்பினேன்.
கஜீபன் பார்த்துவிட்டுச் சொன்னான், "கிளை காணாது."

நாலு நாளில் மறுமொழி.
மரத்தைச் சேர்த்துக்கொள்கிறோம்.
இலைகளுக்குள் மஞ்சளாய் ஒரு புள்ளி
தனியே நிற்கிறது. பிழையா?

இல்லை, என்று எழுதினேன்.
அது பழம்.