பனி உருகாத வரை

மூன்றாவது கடிதம் இது.
"உங்கள் வண்டியைத் திரும்ப அழைக்கிறோம்"
என்று தொடங்குகிறது.
எங்கே வரவேண்டும் என்பது மட்டும் இல்லை.
மாற்று பேட்டரி இன்னும் தயாராகவில்லையாம்.
அதுவரை சார்ஜ் செய்யாதீர்கள்,
கட்டடங்களை விட்டுத் தள்ளி
வெட்டவெளியில் நிறுத்துங்கள்.
கீழே ஒரு கையெழுத்து. அதுவும் அச்சு.

டலூத்தில், பிப்ரவரியில்,
வெட்டவெளி என்றால் என்னவென்று
எழுதியவருக்குத் தெரியாது.
சுப்பீரியர் ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஊசி முளைக்கிறது.
எங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியது.
அதன் கூரைக்கு மேல்தான்
வெய்க்கோவின் கட்டில்.

தெருக்கோடி ஐஸ்கிரீம் கடை
ஜூன் வரை பூட்டியிருக்கும்.
அங்கே நிறுத்திக்கொள்ள
திருமதி க்வால்ஹைம் சம்மதித்தாள்.
"சுவர் ஓரம் வேண்டாம், நட்டநடுவில்" என்றாள்.
என் வாசலிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி.
எண்ணியிருக்கிறேன்,
விடியற்காலை நாலே முக்காலுக்கு,
முதியோர் இல்லத்து முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது.

சர்வீஸில் டெஸ்மண்ட் என்றொருவன்.
"நூற்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கலாம், மேடம்."
எந்த ஒன்று என்று கேட்டேன்.
கொஞ்சம் இருங்கள் என்றான்.
பதினோரு நிமிடம் பியானோ வாசித்தது.

பிறகு நானே ஒரு கணக்கு கண்டுபிடித்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
ஜன்னல் கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன்.
வண்டிமேல் பனி இருக்கிறதா?
இருந்தால் உள்ளே சூடில்லை.
சூடில்லை என்றால் தூங்கலாம்.
இது பொறியியல் இல்லை, தெரியும்.
கம்பெனி சொன்னதைவிட இது கண்ணுக்குத் தெரிகிறது.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
இந்தக் குளிரைக் கடத்துகிறோம்,
அதுவும் நானும்.

பதினேழாம் தேதி.
தெருவிளக்கின் கீழ் முன்மூடி கறுப்பாக இருந்தது.
ஈரக் கறுப்பு.

கோட்டு போட்டேனா, நினைவில்லை.
எங்கோ பாதி வழியில் ஒரு செருப்பு போனது.
அன்று மட்டும் அடிகளை எண்ணவில்லை.
புகை நாற்றம் வருகிறதா என்று
மூக்கால் ஓடினேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சாதுவாக.
கண்ணாடியெல்லாம் மூச்சுப் புகை.
உள்ளே வெய்க்கோ, பதினைந்து வயது,
மடியில் ஃபோன்.
ஃபோனுக்குள் அவன் அப்பா, டூசானில்,
அரைக்கைச் சட்டையில்.

"வீட்டில் பேசினால் உனக்குக் கேட்கும்" என்றான்.
கத்தினேன். கடிதம் என்றேன், தீ என்றேன்.
"சார்ஜ்தான் கூடாது. ஓட்டலாம்னு போட்டிருக்கு.
நீ தினமும் ஓட்டறே இல்ல?"
ஆமாம்.
தினமும் நாற்பது மைல்
அதன்மேல் உட்கார்ந்துதான் போய் வருகிறேன்.

பதில் கிடைக்காததால் பக்கத்து ஸீட்டில் ஏறினேன்.
வெறுங்கால் மரத்திருந்தது.
அவன் தன் கையுறையைக் கழற்றி
என் கால்விரல்களில் மாட்டினான்.
ஐந்து விரல்களும் கட்டைவிரல் அறைக்குள் போகப் பார்த்தன.
"யாரது?" என்றது டூசான்.
"அம்மா."
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
ஹீட்டர் மட்டும் பேசியது.

மே மாதம் பேட்டரியை மாற்றினார்கள்.
ரசீதில் பூஜ்யம் டாலர், பூஜ்யம் சென்ட்.
எதற்கு இரண்டு பூஜ்யமோ.
வண்டி கராஜுக்குத் திரும்பிவிட்டது,
பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டிக் குடிக்கிறது.

ஆனாலும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
பார்ப்பதற்குப் பனி இல்லை.
இறங்கிப் போய், இருட்டில்,
முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
மேலே அவன் குரல், தாழ்ந்து.
விளக்கைப் போடாமல்,
படியில் சத்தம் வராமல்
திரும்பி வருகிறேன்.