எடை

அறுவடை முடிந்த வயலில் கிரேன்,
நூற்றிருபது அடி.
கொரடாச்சேரியில் அதைவிட உயரமாய்
செல்போன் டவர் மட்டும்.

எடை பார்த்தார்கள்,
இரண்டு தராசில், இரண்டு முறை.
அறுபத்தேழு என்று
புறங்கையில் மார்க்கரால் எழுதினாள் ஸ்டெல்லா.
"இதை வச்சுத்தான் கயிறு எடுப்போம் சார்.
கூட்டிக் குறைச்சுச் சொல்லக் கூடாது."

நான் நெல் கொள்முதல் நிலையத்தில்
பதினோரு குறுவை பார்த்தவன்.
மூட்டைக்கு நாற்பது என்று எழுதி
நாற்பத்தொன்று பிடித்தவன்.
ஈரம், கருக்காய், சாக்கு எடை,
காரணத்துக்கா பஞ்சம்.

கூண்டு மேலே போனது.
கணுக்காலில் பட்டை இறுகியது.
கீழே வெண்ணாறு ஒரு கோடு.
தார்ப்பாய் மூடிய அம்பாரங்கள்,
பக்கத்தில் காத்து நிற்கும் டிராக்டர்கள்.

"ஏம்மா, உங்க தராசு சரிதானே?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது
அந்தக் குரல் என்னுடையதல்ல.
டோக்கனைக் கசக்கிப் பிடித்தபடி
என் மேசைக்கு எதிரே
நின்றவர்களுடையது.

ஸ்டெல்லா மூன்று எண்ணினாள்.
இரண்டிலேயே விழுந்துவிட்டேன்.

வயிறு எங்கோ மேலே நின்றுவிட்டது.
வைக்கோல் வாசனை முகத்தை நோக்கி வந்தது.
கயிறு நீண்டது, இன்னும் நீண்டது,
பிறகு
ஒரு கிலோகூட எடுத்துக்கொள்ளாமல்
முழுசாய்த் திருப்பிக் கொடுத்தது.

காலி பண்ண மறந்த சட்டைப்பையிலிருந்து
சில்லறை மட்டும்
யார் வயலிலோ.