பத்து சென்டாவோ

கையேடு எழுதியவர் கடலோரம் உட்கார்ந்திருப்பார்.
முன்விளிம்பிலிருந்து நூற்றைந்து மில்லிமீட்டர்,
அங்கே விரல் வை என்கிறார்.
வைத்தேன். மூக்கு கவிழ்ந்தது.
பேட்டரியைப் பின்னால் நகர்த்தினேன்,
நகக்கண் அளவு, பிறகு அதில் பாதி.
இரண்டு விரல் நுனியில் ஃபோம் விமானம்
மூச்சுக்கு ஆடி
நின்றது.

எல் ஆல்டோ. ஞாயிறு காலை.
பந்தாட்டக்காரர்கள் வருமுன் மைதானம்
எங்களுக்கும் உறைபனிக்கும்.
நாலாயிரம் மீட்டரில் காற்று மகா கஞ்சன்;
பெரிய புரொப்பெல்லர் கேட்கிறது,
சுக்கானுக்கு இன்னும் கொஞ்சம் வீச்சு கேட்கிறது.

"புரட்டிப்போடு, குச்சியை விடு" என்றாள் ருபெர்தா.
விட்டேன்.
விழவுமில்லை, ஏறவுமில்லை,
வயிறு வானம் பார்க்கக் கோடு கிழித்துப் போனது.

செங்குத்து வட்டத்தில்தான் வம்பு.
மூன்று வட்டம், மூன்றிலும்
இடது இறக்கை தொய்ந்தது.
போன மாதம் ஒடிந்து ஒட்டிய பக்கம்;
பசைக்கும் எடை உண்டு.
ருபெர்தா என் சட்டைப்பையைத் துழாவி
பத்து சென்டாவோ ஒன்றை எடுத்து
வலது முனையில் டேப் போட்டாள்.

நேற்று அதே பத்து சென்டாவோ குறைந்ததற்கு
ஒரு கணக்காளரிடம் கத்தினேன்,
மினிபஸ்ஸே திரும்பிப் பார்க்க.
நாணயத்தை டேஷ்போர்டில் வைத்துவிட்டு
அவர் பேசாமல் இறங்கினார்.
இது அந்தக் காசா, தெரியாது.

நாலாவது வட்டம்
வட்டமாக இருந்தது.

இறக்கும்போது சக்கரம் கல்லில் தட்ட
காசு தெறித்துப் பனிக்குள் போனது.
வலையோடு வந்த கோல்கீப்பர்,
எதைத் தேடுகிறோம் என்று கேட்காமலே
எங்களோடு குனிந்தான்.