தொடங்கலாம்

சுற்றுநிருபம் மார்கழி மழைக்குள் வந்தது.
உறை நனைந்து
அமைச்சின் முத்திரை நீலமாய்க் கரைந்திருந்தது.
சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.
தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்.
பின்னர் என்பது எத்தனையாம் திகதி என்று
இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில்
நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

குருநாகல் டொக்டர், தெரிந்த தமிழில் சொன்னார்:
"மிஸ்ஸி, நீங்களே எழுதி சுவர்ல ஒட்டுங்க."

முதல் வரியிலேயே வினைச்சொல் முட்டியது.
ஜெனீவாவிலிருந்து அது நிமிர்ந்துதான் புறப்பட்டிருக்கும்.
கொழும்பில் குழு கூடி,
குழுவுக்குள் உபகுழு கூடி,
தேநீர் ஆறி,
எத்தனை கோடி, யார் தருவது,
தருகிறவர் எத்தனை வருடம் தருவார் என்று கணக்குப் பார்த்து,
அதன் முள்ளந்தண்டை மெல்ல உருவி
அனுப்பியிருந்தார்கள்:
எண் எதுவானாலும் மருந்து தொடங்கலாம்.

லாம்.
கதவு திறந்து கிடக்கிறது என்கிறது,
வா என்று சொல்லவில்லை.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.
துளி இரத்தத்தில் எத்தனை காவற்காரர் மிச்சம் என்கிற எண்.
ஒரு காலம் இருநூறுக்குக் கீழே விழுந்தால்தான் மருந்து.
பிறகு முந்நூற்றைம்பது.
பிறகு ஐந்நூறு.
உலகம் ஏதோவொரு மேசையில் கோட்டை உயர்த்தும்,
இரண்டு மழை பிந்தி
மட்டக்களப்புக்கு அது வந்து சேரும்.

யோகரெத்தினத்தின் எண் அறுநூற்றுப் பன்னிரண்டு.
களுவாஞ்சிகுடியிலிருந்து முதல் பஸ்.
தெரிந்த முகம் ஏறினால்
ஆரையம்பதியில் இறங்கி அடுத்ததைப் பிடிப்பார்.
கட்டாரில் கிரேன் ஓட்டின கை,
நரம்பு தேடத் தேவையில்லை.
அவருடைய இரத்தம் ஐஸ் பெட்டிக்குள்
இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்.
"அதுக்கெண்டாலும் யன்னல் சீட் குடுத்தாங்களா?"
என்று கேட்பார்.

எண் திரும்பி வரும்.
நல்லாயிருக்கு, மருந்துக்கு இன்னும் காணாது என்பேன்.
"வருத்தம் காணாதா மிஸ்ஸி?"

ஆறு மாதத்துக்கு ஒருக்கா, நாலு வருடம்.
மனைவியின் தாளில் 'இல்லை' என்றிருந்தது.
அந்த 'இல்லை'யை
அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார்.
ஒருநாள் சொன்னார்:
"பயிர் கருகட்டும், மறுகா வாய்க்காலத் திறப்பம் எண்டு இருந்தா
படுவான்கரையில வட்டவிதானைய
உயிரோட விடமாட்டாங்க."
நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுவருக்கான தாளில் எழுதினேன்:
எண் எதுவானாலும் மருந்து தொடங்கவேண்டும்.
டொக்டர் ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்தார்.
"அங்க 'லாம்' தானே?"
"தமிழில அப்படித்தான் வரும், டொக்டர்."
மருந்துப் பதிவேட்டைத் திறந்தார்.
இருப்பு, இருபத்தாறு பேருக்கு மூன்று மாதம்.
நெடுநேரம் விரலால் ஏதோ கூட்டினார்.
பிறகு பசையை என் பக்கம் நகர்த்தினார்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள்
யோகரெத்தினம் வந்து
சுவரை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார்.
இரவிலயா, சாப்பிட்ட பிறகா,
தலை சுத்துமா,
சாகும் வரைக்குமா என்று கேட்டார்.
ஓம், சாகும் வரைக்கும். அதைப் பிந்த வைக்கத்தான்.
"அப்ப தொடங்குவமா?" என்றார் டொக்டர்.

குடையை மடக்கிக் காலடியில் வைத்தார்.
"தொடங்கலாம்."

நான் வெட்டியெறிந்த அதே சொல்.
சம்மதக் கட்டத்தில்
ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன்.

தமிழ்ப் பிரதி ஆனியில் வந்தது.
பழைய நிருபத்தை மொழிபெயர்த்திருந்தார்கள்,
ஐந்நூறுக்குக் கீழே என்று.
கூரை ஒழுகும் பக்கத்து அலமாரியில்
மேல்தட்டில் வைத்தேன்.