கம்ப எண்

மே மாதக் கடைசி ஞாயிறு.
பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் என்று தெரிந்தேதான்
வயிரவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேலங்குடியில் மணியடிப்பவன் அவன்தான்.
வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு,
அதைத் தட்ட ஒரு போல்ட்டு.
அஞ்சாம் வகுப்பில் மொத்தம் நாலு பேர்;
உயரம் இவன்.
டி.சி. வாங்கின அன்று
போல்ட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.
திருப்பிக் கொடு என்று நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் வயிற்றுவலி.
சாயங்காலம் வரும், தோசை சுட்டால் போகும்,
ஆறாப்பு என்று யாராவது சொன்னால்
மறுபடி வரும்.
டாக்டர் சூடு என்றார். அவன் அம்மா இளநீர் வெட்டினாள்.
நான் என் பங்குக்கு ஒரு விளக்கம் சொன்னேன்:
"பழைய கம்பத்துலேருந்து புதுக் கம்பத்துக்கு
லைன் மாத்துற மாதிரிடா.
கொஞ்ச நேரம் சப்ளையை நிறுத்துவோம்,
மாட்டுவோம், திரும்பக் குடுப்போம்."
"அந்தக் கொஞ்ச நேரம்
வீட்டுக்குள்ள இருக்கறவங்க என்ன செய்வாங்க?"

போன் போட்டு என்னைத் திட்டுவார்கள்.
அதைச் சொல்லவில்லை.

கோட்டையூரில் இறங்கி நடந்தோம்.
ஒரு தெருவில் முகமும் அடுத்த தெருவில் முதுகுமாக
நீண்டு படுத்திருக்கும் வீடுகள்.
பாதியில் மீட்டர் ஓடாது.
எல்லாக் கதவும் ஒரே மாதிரிப் பெரிசு,
கதவை அடையாளம் வைத்தால் வழி தப்பும்.
"கம்பத்தைப் பாரு" என்றேன்.
மஞ்சள் பெயிண்டில் எண்கள்,
போன வருஷம் நான் எழுதியது.
"பதினொண்ணுல திரும்பணும்.
பதினாலு சாஞ்சிருக்கும், விழாது.
பதினேழுக்கு எதிர்ல கேட்டு."
பதினேழில் ஏழு மட்டும் கீழே வழிந்திருந்தது.
"பெயிண்ட் ஜாஸ்தி" என்றான்
மேஸ்திரி மாதிரி.

வாட்ச்மேன் சூசை தெரிந்தவர், திறந்து விட்டார்.
வகுப்பறை காட்டலாம் என்று நான் மாடிப்படி ஏற
அவன் வரவில்லை.
கீழேயே நின்று, சுவரிடம் கேட்பது போல,
"பாத்ரூம் எங்கப்பா?"

ஒரு மாத வயிற்றுவலி
இந்தக் கேள்விக்குள்தான் சுருண்டு கிடந்திருக்கிறது.

கலையரங்கத்துக்குப் பின்னால்,
நாவல் மரம் தாண்டி, இடது பக்கம்.
தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தான்.
திறந்தான். இன்னொரு தரம் போட்டுப் பார்த்தான்.
"எட்டு சார் மாறி மாறி வருவாங்களாமே,
போகணும்னா யார்கிட்ட கேக்கறது?"
"அப்ப யார் நிக்கிறாரோ அவர்கிட்ட."
"அவருக்கு என் பேர் தெரியாதே."
"நீ சொன்னாத் தெரியும்."
சரியாகத்தான் சொன்னேனா, தெரியவில்லை.

பள்ளி திறந்த அன்று
பதினேழாம் கம்பத்தில் ஜம்பர் லூஸ் என்று
எனக்கு நானே புகார் எழுதிக்கொண்டேன்.
சப்ளையை நிறுத்திவிட்டு ஏறினேன்.

மேலிருந்து பார்த்தால்
மடிப்புக் கலையாத பேண்ட்டுகள்,
தோளைவிட அகலமான சட்டைகள்.
என் உயரக்காரன்
அந்தக் கூட்டத்தில் எங்கேயும் இல்லை.
கடைசியில் கொடிக்கம்பத்தடியில் கண்டேன்,
பைப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு,
முன்னால் நிற்பவனின் முழங்கை அளவு.

பக்கத்தில் ஒரு பொடியன்
காலைப் பின்னிக்கொண்டு நின்றான்.
வயிரவன் அவனிடம் என்னவோ கேட்டான்.
போய் ஒரு டீச்சரிடம் என்னவோ சொன்னான்.
இரண்டு பேரும்
கலையரங்கத்துக்குப் பின்னால் நடந்தார்கள்,
நாவல் மரம் தாண்டி,
இடது பக்கம்.

ஜம்பர் கெட்டியாகத்தான் இருந்தது.
அதையே இரண்டு தரம் முறுக்கினேன்.

சாயங்காலம் பையை எறிந்துவிட்டுச் சொன்னான்:
"அங்க கரண்டு பெல்லுப்பா. யாரும் அடிக்க வேணாம்.
ஆனா இன்னைக்கு முதல் பெல் அடிக்கவே இல்ல.
பி.டி. சார் விசில் ஊதினாரு."

நான் தட்டைப் பார்த்தேன்.
அம்மா இன்னொரு தோசை வைத்தாள்.
விள்ளாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு,
"நாளைக்கு ஏறாதேப்பா" என்றான்,
"பெல் அடிக்கணும்."